கடலூர் கடலோரத்தில் உலர் கழிப்பறையை மக்கள் ஏன் தயங்கி ஏற்கிறார்கள்?

மலத்தில் தண்ணீர் ஊற்றாமல், சாம்பல் தூவி, தொட்டியில் மூடிவைத்து மண்ணாக்குவதுதான் உலர் கழிப்பறை. அதன் தொழில்நுட்பத்தில் குறையில்லை. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறி, சாதாரணக் குழி நிரம்பிவிடும். உலர் கழிப்பறையின் தொட்டி தரைக்கு மேலே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

தயக்கம் பழக்கத்தில்தான். மலம் ஒரு துளையில், சிறுநீர் தனியாக, கால் கழுவ இன்னொரு இடத்துக்கு நகர வேண்டும். முட்டிவலிக்காரப் பாட்டி படியேறி, உட்கார்ந்தபடியே நகர்வதை நினைத்துப் பாருங்கள்! அப்புறம் சாம்பல். ஒவ்வொரு முறையும் ஒரு கை தூவ வேண்டும். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, 'யார் அள்ளுவது?' சாதி ஒட்டிய கேள்வி அது. மூடிவைத்த தொட்டியில் இருப்பது ஓராண்டு கழித்து நாற்றமில்லாத மண்ணாகிவிடும். அந்த மண்ணைப் பக்கத்து வீட்டு அக்கா தென்னைக்குப் போடுவதை நேரில் பார்த்தால்தான் அருவருப்பு போகும். கட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் அது விறகு அறையாகிவிடும்.