ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் அது ஆறா?

வாசகர் கேள்விகள் – சொல், பொருள், மெய்

சத்துவாச்சாரி வாசகர்: 'தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்' என்று வெளியூர்க்காரர்கள் வேலூரைச் சொல்லிக் காட்டுகிறார்களே, இதில் எது மெய், எது பொய்?

மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

'சாமி இல்லாத கோயில்' எளிது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கருவறை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. 1981-ல் லிங்கம் மறுபடி வந்து சேர்ந்து வழிபாடு தொடங்கியது. 1980-ல் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் அது மெய், இன்று சொன்னால் பொய். சொல் மாறவில்லை, சொல்லின் பொருளும் மாறவில்லை. மாறியது கருவறை. ஒரு வாக்கியத்தை மெய்யாக்குவது பேச்சுக்கு வெளியே இருக்கும் நிலைமைதான் என்பதே மெய்ம்மைவாதத்தின் (ரியலிசம் என்பது இதுதான்) அடிப்படை.

'தண்ணி இல்லாத ஆறு' வேறு வகை. பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் மணலா தண்ணீரா என்று யாருக்கும் தெரியும், அதில் சண்டையே இல்லை. சண்டை 'ஆறு' என்ற சொல்லில். ஓடும் நீருக்குத்தான் அந்தப் பெயர் என்றால் கோடையில் அங்கே ஆறு இல்லை. நீர் போகும் தடத்துக்குப் பெயர் என்றால் வருடம் முழுக்க ஆறுதான். தமிழில் 'ஆறு' என்றால் வழி என்றும் பொருள் உண்டு, ஆற்றுப்படை என்கிறோம் அல்லவா? என் சாய்வு தடத்தின் பக்கம். 'ஆறு வறண்டு போச்சு' என்கிறோமே தவிர 'ஆறு இல்லாமப் போச்சு' என்று சொல்வதில்லை. வறண்டு போவதற்கு ஆறு அங்கே இருந்தாக வேண்டும்.

'ராஜா இல்லாத கோட்டை'யைத் திருப்பிப் போட்டால்தான் சிக்கல் தெரியும். 'வேலூர்க் கோட்டையை இப்போது ஆளும் ராஜா உயரமானவர்.' இது மெய்யா, பொய்யா? மன்னரே இல்லாத பிரான்ஸின் 'மன்னருடைய' வழுக்கையை வைத்து மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸல் 1905-ல் இதே வகை வாக்கியத்தைப் பிரித்துக் காட்டினார். ஆளும் ராஜா ஒருவர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவர் உயரமானவர் என்ற மூன்று கூற்றுகள் இதற்குள் இருக்கின்றன. முதலாவதே பொய், எனவே முழுதும் பொய். அப்படியானால் 'உயரமானவர் அல்லர்' என்பது மெய்யா என்று கேட்டால்தான் பலர் தடுமாறுகிறார்கள். மறுப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'அந்த ராஜா உயரமானவர் அல்லர்' என்றால் ராஜா இருப்பதை ஒப்புக்கொண்டு உயரத்தை மட்டும் மறுக்கிறோம், அதுவும் பொய்தான். 'ராஜா உயரமானவர் என்று சொல்வது சரியில்லை' என்றால் மொத்தத்தையும் மறுக்கிறோம், அது மெய். 1950-ல் ஸ்ட்ராஸன் என்ற இன்னொரு மெய்யியலாளர் இதை ஏற்கவில்லை. ராஜாவே இல்லாதபோது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார். நம் பேச்சு வழக்கு ஸ்ட்ராஸன் பக்கம்தான் இருக்கிறது. 'எந்த ராஜா?' என்றுதான் நாம் திருப்பிக் கேட்போம்.

குடியாத்தம் வாசகி: மெய்ம்மைவாதத்தை மறுப்பவர்கள், உலகமே நம் மனத்தின் கற்பனை என்கிறார்களா?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் (1925–2011) முன்வைத்த மறுப்பு மலையையும் மரத்தையும் பற்றியதல்ல. ஒரு வாக்கியம் மெய்யா என்று யாராலும், எக்காலத்திலும் கண்டறிய வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தே தீருமா என்பதுதான் அவர் கேட்டது.

1806 ஜூலை 10 விடியற்காலை, சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்குச் சற்று முன்பு, வேலூர்க் கோட்டை மதிலில் இருந்த காக்கைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யாரும் எண்ணவில்லை, இனி எண்ணவும் முடியாது. மெய்ம்மைவாதி தயங்காமல், 'ஒற்றையோ இரட்டையோ, ஏதோ ஒன்றுதான். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்' என்பார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். காக்கை விஷயத்தில் அது நியாயம்கூட. அங்கே ஒருவர் நின்றிருந்தால் எண்ணியிருக்கலாமே.

1959-ல் டம்மெட் எடுத்த உதாரணம் இன்னும் கடினம். ஒருவர் வாழ்நாளில் ஓர் ஆபத்தையும் சந்திக்காமலே இறந்துபோனார். அவர் தைரியசாலியா? ஆபத்து வந்திருந்தால் எப்படி நடந்திருப்பார் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இருக்க முடியாது, ஆபத்தோ வரவே இல்லை. இங்கேயும் 'ஏதோ ஒன்றுதான்' என்று அடித்துச் சொன்னால், அந்த மனிதருக்குள் யாருக்கும் புலப்படாத ஏதோ ஒன்று ஒளிந்திருந்ததாக நாமே கற்பித்துக்கொள்கிறோம்.

டம்மெட்டின் வாதத்துக்கு வலு தருவது மொழி கற்கும் விதம். குழந்தை ஒரு வாக்கியத்தின் பொருளைக் கற்பது, எப்போது அதைச் சொல்லலாம், எப்போது கூடாது என்று பிறரைப் பார்த்துத்தான். கண்டறியவே முடியாத ஒன்றை மெய்யாக்கும் நிலைமையை அது எங்கிருந்து கற்றது? பொருள் தெரியும் என்பதை எந்த நடத்தையால் காட்டும்? மெய்ம்மைவாதிகள் இதற்குத் தரும் பதில், தெரிந்த சொற்களைச் சேர்த்துப் புது வாக்கியத்தைப் புரிந்துகொள்கிறோம் என்பது. 'காக்கை', 'மதில்', 'ஒற்றைப்படை' எல்லாம் தெரிந்த சொற்கள்தானே. இது பாதிப் பதில் என்றே நினைக்கிறேன். 'தைரியசாலி' வரும்போது போதவில்லை.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. மெய்ம்மைவாதத்தை மறுப்பவர் 'மெய்யுமில்லை, பொய்யுமில்லை, மூன்றாவதாக ஒன்று' என்கிறார் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் அப்படிச் சொல்வதில்லை. இரண்டில் ஒன்று என்று அடித்துச் சொல்ல உரிமை இல்லை என்று மட்டுமே சொல்கிறார். கணக்கில் இது தெளிவாகத் தெரியும். 2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்ற கணிப்பு, 1742-ல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்தது. இன்றுவரை நிரூபிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. புரௌவர் என்ற கணிதவியலாளரின் வழிவந்தவர்கள் நிரூபணமோ மறுப்போ கையில் வரும்வரை 'மெய் அல்லது பொய்' என்று சொல்ல மாட்டார்கள். 'இல்லை என்பது இல்லை' என்பதிலிருந்து 'உண்டு' என்று தாவுவதையும் அவர்கள் ஏற்பதில்லை. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. 'அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை' என்பதை 'ஆசை இருக்கிறது' என்று மாற்றி எழுதிப் பாருங்கள், ஏதோ ஒன்று நழுவிவிடும்.

ராணிப்பேட்டை வாசகர்: ஒரு சொல்லுக்குப் பொருள் அதைச் சொல்பவரின் மனத்தில் இருக்கிறதா, அகராதியில் இருக்கிறதா?

உங்கள் ஊர்த் தொழிலிலேயே விடை இருக்கிறது. பதனிட்ட வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் கடையில் பை வாங்குபவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் பிரிக்கத் தெரியாது. இரண்டுமே 'மெத்தென்ற ஆட்டுத்தோல்' என்பார். ஆனாலும் 'வெள்ளாட்டுத் தோல் பை வேண்டும்' என்று அவர் கேட்டால் அந்தச் சொல் வெள்ளாட்டுத் தோலைத்தான் குறிக்கும். செம்மறியைக் கட்டிக் கொடுத்தால் ஏமாற்றியதாகவே ஆகும். டேனரியில் தரம் பிரிப்பவர் மேற்பரப்பின் மயிர்க்கால் புள்ளிகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, மடித்து அழுத்தி, இறுக்கத்தைச் சோதித்துச் சொல்லிவிடுவார். வாங்குபவரின் சொல் அவருடைய கண்ணை நம்பி நிற்கிறது. மெய்யியலாளர் ஹிலரி புட்னம் 1975-ல் இரண்டு மரவகைகளை வைத்து இதையே சொன்னார். அவற்றைப் பிரிக்கத் தெரியாதவர் வாயிலும் இரு பெயர்களும் இரண்டு வெவ்வேறு மரங்களையே குறிக்கும். மொழியிலும் உழைப்புப் பங்கீடு உண்டு, பொருள் முழுதும் தலைக்குள் இல்லை என்பது அவர் முடிவு.

அகராதிக்கு வருவோம். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல், அதற்கு வேறொன்று என்று போனால் முடிவு எங்கே? தொல்காப்பிய உரியியல் ஒரே வரியில் நிறுத்துகிறது: 'பொருட்குப் பொருள்தெரியின் அதுவரம் பின்றே.' பொருளுக்குப் பொருள் கேட்டால் எல்லையே இல்லை. அடுத்த நூற்பாக்களில், உணரவைக்கும் திறமும் உணர்பவரின் அறிவும் சேரும் இடத்தில் விளக்கம் முடிகிறது. தோல் விஷயத்தில் அந்த இடம், தோலைக் கையில் கொடுத்து 'இது' என்று காட்டுவது.

பேரணாம்பட்டு வாசகர்: 'அது உண்மை' என்று சேர்ப்பதால் என்ன கூடுகிறது?

தனி வாக்கியத்தில் ஒன்றும் கூடுவதில்லை. ஒரு வாக்கியம் எப்போது மெய் ஆகும் என்பதற்கு 1930-களில் தர்க்கவியலாளர் டார்ஸ்கி வகுத்த நிபந்தனையைத் தமிழில் இப்படி எழுதலாம்: 'பாலாற்றில் வெள்ளம் வந்தது' என்ற வாக்கியம் மெய் ஆவது, பாலாற்றில் வெள்ளம் வந்திருந்தால், வந்திருந்தால் மட்டுமே. இதை வெறும் திரும்பச் சொல்லல் என்று ஒதுக்குபவர்கள் மேற்கோள்குறியைக் கவனிப்பதில்லை. முதல் பாதி வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாம் பாதி ஆற்றைப் பற்றி. சொல் தன்னையும் சுட்டும், பொருளையும் சுட்டும் என்று தொல்காப்பியம் பெயரியலில் 'சொன்மை', 'பொருண்மை' என இரண்டாகப் பிரித்திருக்கிறது. 'உண்மை' என்ற சொல் இல்லாமல் முடியாத இடமும் உண்டு. 'அந்தச் சாட்சி சொன்னதெல்லாம் உண்மை' என்றால் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடுக்காமலே அத்தனையையும் ஏற்கிறோம்.

ஆரணி வாசகி: என் பழைய சான்றிதழில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருக்கிறது. இல்லாத மாவட்டத்தில் பிறந்தேன் என்பது எப்படி மெய்யாகும்?

பிறந்த நாளில் அது இருந்தது, அது போதும். பெயர் தாங்கிய பொருள் இன்றைக்கும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறந்தவர்களின் பெயர்கள் பொருள் இழந்துவிடவில்லையே. பெயரையும் வருணனையையும் குழப்பினால்தான் தவறு வரும். 'வேலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம்' என்பது வருணனை. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தபோதும், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபோதும் அது குறிக்கும் பரப்பு சுருங்கியது. 1975-ல் ஆரணியில் பிறந்தவருக்கு 'வட ஆற்காடு மாவட்டத்தில் பிறந்தவர்' என்பது மெய். 'இன்றைய திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள் பிறந்தவர்' என்பதும் மெய். 'வேலூர் மாவட்டத்தில் பிறந்தவர்' என்று எழுதினால் அது பொய்.