தங்கச்சிமடத்து அம்மாவுக்கு: பிளஸ் ஒன்னில் இயற்பியல் எடுக்கலாமா?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் 71, அறிவியலில் 84. கணக்கும் இயற்பியலும் உள்ள முதல் க்ரூப்தான் வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படிப்பு விஷயத்தை உங்களிடம் விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ இயற்பியலில் தவறியதைப் பார்த்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, நகையை அடகு வைக்கும் யோசனை வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறவள். இதன் மதிப்பு நிறையப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்த உரிமை கையை விட்டுப் போய்விடும். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் உதவித்தொகையும் சேர்ந்தே போகும். லட்சக்கணக்கில் செலவு செய்து இதை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். பாடம் சுலபம் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்து ஒப்பித்து 84 வாங்கலாம். பிளஸ் ஒன் இயற்பியலில் அது ஓடாது. புத்தகம் திறந்ததும் அளவீட்டியல், அடுத்து இயக்கவியல். அங்கேயே வெக்டர் (அளவோடு திசையும் சேர்ந்தது), சைன், காஸ், கொஞ்சம் நுண்கணிதம் எல்லாம் வந்துவிடும். அதே சமயம் கணக்கு வகுப்பில் அந்தப் பாடங்கள் இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். "எனக்கு இயற்பியல் வராது" என்று அழுதுகொண்டு வருகிற பத்துப் பேரை உட்கார வைத்துக் கேட்டால், ஏழெட்டுப் பேருக்கு வராதது கணக்குதான். இயற்பியல் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பாம்பனில் ஒரு பையன். அப்பா வல்லத்தில், அதாவது சின்ன நாட்டுப்படகில், போகிறவர். வெக்டர் கூட்டல் என்றாலே நோட்டை மூடிவிடுவான். நான் அவனிடம், "குருசடைத் தீவுப் பக்கம் நேராகத் தெற்கே போக வேண்டும். நீவாடு (கடல் நீரோட்டம்) கிழக்கே இழுக்கிறது. அப்பா அணியத்தை (படகின் முன்முனையை) எந்தப் பக்கம் வைப்பார்?" என்று கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "கொஞ்சம் மேற்கே பார்த்து வைக்கணும் சார். நேரா வச்சா கிழக்கே அடிச்சுட்டுப் போயிடும்" என்றான். அப்புறம் தாளில் ஒரு செங்கோண முக்கோணம் போடச் சொன்னேன். வல்லத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், சாய்ந்த கோடு. நீவாட்டின் வேகம் 3, கிழக்கு மேற்காக. மிச்சம் உள்ள கோடு எவ்வளவு? 4. வல்லம் தெற்கே உண்மையில் நகரும் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். அவன் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுதான் வெக்டரா சார்?" என்றான். ஆமாம், இதேதான். அவன் அப்பா கோணத்தைக் கையால் கணக்குப் போடுகிறார், இவன் பேனாவால் போட வேண்டும்.

உங்கள் மகளுக்கும் இந்த அனுபவம் இருக்கிறது. ஓதம் ஏறுவது வற்றுவது, வாடைக்காற்றில் அலை மாறுவது, பாம்பன் பாலத்தில் தூக்குப் பகுதி உயர்வது, எல்லாம் அவள் கண்ணால் பார்த்தவை. 1914-ல் கட்டிய பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் சாய்ந்து திறந்து வந்தது; 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழையதில் திருப்புத்திறன், புதியதில் வேலை, ஆற்றல், திறன். பாடம் நடக்கும்போது அவள் பாலத்தை நினைத்துப் பார்க்கட்டும். நகரத்துப் பிள்ளைக்கு இது படத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் உள்ள நாட்களில் இயற்பியல் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல், பின்னம், அடுக்குகள், சமன்பாட்டை மாற்றி எழுதுவது, இவை நான்கும் போதும். தினம் ஒரு மணி நேரம். கணக்கில் 71 வாங்கிய பெண்ணுக்கு இது முடியாத காரியம் கிடையாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் முதல் மூன்று பாடங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் அவள் கையால் போட வேண்டும். விடையைப் பார்த்து எழுதினால் கணக்கில் சேராது. சந்தேகம் வந்தால் புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு, மணற்கேணி செயலி இரண்டிலும் பாட வீடியோ இருக்கிறது. செலவு டேட்டா மட்டும்தான்.

தேர்வு பற்றிய பயத்துக்கும் கணக்குச் சொல்கிறேன். 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. செய்முறைக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளை தவறுவது அபூர்வம். எழுத்துத் தேர்வில் நெடுவினாக்களைச் சில பெண்கள் மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. அந்த மார்க் நீட் தேர்வில் கை கொடுக்காது. அங்கே மொத்தம் 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180. உயிரியலை நம்பிப் போகிற பிள்ளைகள் சறுக்குவது அந்த 180-ல்தான்.

செய்முறையை நான் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் மதிப்பதில்லை. பல பள்ளிகளில் ஜனவரி வரை ஆய்வகக் கதவு திறப்பதில்லை. நீங்களே போய் இயற்பியல் ஆசிரியரைப் பார்த்து, பிள்ளைகளை எப்போது ஆய்வகத்துக்கு அழைத்துப் போவீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். திருகு அளவி கையில் கிடைக்கிற அன்று, வீட்டில் கிடக்கிற தங்கூசி (தூண்டில் நரம்பு) துண்டு ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதன் தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அவள் அளக்கலாம். சுழிப்பிழை (அளக்கும் முன்பே கருவி பூஜ்யத்தில் நிற்காத பிழை) பார்த்தாயா என்று மட்டும் கேளுங்கள், ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். அளந்து வந்து அப்பாவிடம் எண்ணைச் சொன்னால், எந்த மீனுக்கு எந்தத் தடிமன் என்று அவர் சொல்லுவார்.

க்ரூப் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கணக்குக்குப் பயந்து தாவரவியல், விலங்கியல் உள்ள க்ரூப்புக்குப் போனால் இயற்பியல் இருக்கும், கணக்கு இருக்காது. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கணக்கை விட்டால் அந்த வழி அடைபடும். கப்பல் வேலைக்கான மரைன் இன்ஜினியரிங், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பொறியியல் இரண்டும் போய்விடும். நர்சிங்தான் வேண்டும் என்று அவள் தீர்மானமாகச் சொன்னால் அது வேறு.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலை மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் முதலில் படித்தது இயற்பியல்தான். விமானப் பொறியியலுக்கு அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போனார். உங்கள் மகளுக்கு ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கல்லூரியே பக்கத்தில் இருக்கிறது. ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் ஒன்னிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் வழியில் படிக்கிறவள் என்பதால், உந்தம் என்று எழுதும் இடத்தில் பக்கத்திலேயே மொமென்டம் என்றும் எழுதிப் பழகட்டும். கல்லூரி முதல் வருடத்தில் திணறல் பாதி குறையும்.

இன்னொன்று. பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வருவது மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகு கரையில் நிற்கும், கையில் காசு இருக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பச் செலவுக்கு மாதம் கொஞ்சமாக இப்போதிருந்தே எடுத்து வையுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மகள் போட்ட கணக்கு நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு இருந்தால் நல்லது. எந்த இடத்தில் தடுக்குகிறது என்று அதில்தான் எனக்குத் தெரியும்.