அரசியலுக்காக மணமுடிக்கப்பட்ட சோழ இளவரசிகள் வெறும் பகடைக்காய்களா?

பாதி உண்மை. எங்கள் திருவொற்றியூர்க் கோயில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. மாலையில் போனால், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்வெட்டு எழுத்துகளின் மேலேயே சாய்ந்துகொண்டு யாராவது பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ராஜேந்திரனின் உடன்பிறந்தவள்தான் நான் சொல்ல வந்த குந்தவை. (எல்லோருக்கும் தெரிந்த குந்தவை இவளுடைய அத்தை.)

ராஜராஜன் இவளை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். சோழரின் பகைவரான, தக்காணத்து மேலைச் சாளுக்கியரைத் தடுக்க வேங்கி கைக்குள் இருக்கவேண்டும். அதற்கு ஒரு மாப்பிள்ளை. போன இடம் தெலுங்குச் சீமை, சக்களத்தியும் உண்டு. கணவனுக்குப் பின் இவள் மகனுக்கும் சக்களத்தி மகன் விஜயாதித்தனுக்கும் அரியணைச் சண்டை. தாய்மாமன் ராஜேந்திரனின் படை வந்த பிறகே இவள் மகன் முடிசூடினான். பிறந்த வீட்டின் வலுதான் அரசியின் உண்மையான சீதனம் என்பேன்.

பகடைக்காய் என்று முழுதாக ஒப்புக்கொள்ள என்னைத் தடுப்பவை பெயர்கள். குந்தவையின் மகனுக்கு அவள் தந்தையின் பெயர்: ராஜராஜன். அவனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அவள் மகனுக்கும் தாய்வழிப் பாட்டன் பெயரே: ராஜேந்திரன். சாளுக்கிய அரண்மனையில் சோழப் பெயர்கள் இப்படிக் குடியேறின. அந்தப் பேரன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

அவன் மணந்ததும் மாமன் மகள் மதுராந்தகியை. ஆக, மூன்று தலைமுறையாக அதே சம்பந்தம்; நம் பாட்டிகள் கேட்டால் இதில் அதிசயம் என்ன என்பார்கள்.