விழுந்ததை அம்மா ஏன் மறைத்தார்?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரையும் இரவில் தூக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். போன மாதம் விடியற்காலை 3 மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. இதற்கு முன்பே இரண்டு முறை விழுந்தது இப்போதுதான் தெரிகிறது. இனி ஆள் துணையில்லாமல் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டோம். சரிதானே டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை, அம்மா. இப்படிச் சொல்வீர்கள் என்று தெரிந்துதானே அவர் இரண்டு முறையும் வாயைத் திறக்கவில்லை! என் மாமியாரும் இதே கட்சி. முழங்கை கன்றிப்போயிருந்ததைப் பார்த்துக் கேட்டால், "கதவு இடிச்சிடுச்சு" என்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வழுக்கி விழுந்த கதை, பேத்தி மூலமாக ஆறு மாதம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. மருமகள் டாக்டர் வேறு, பயம் இருக்காதா?

படுக்கையிலேயே வைத்தால் தொடைத் தசை சீக்கிரம் வற்றும். அப்புறம் எழுந்தாலே கால் தாங்காது. அதைவிட அந்த 3 மணியை யோசியுங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளவயதில் உடம்பு உடனே சமாளித்துக்கொள்ளும், 74இல் தடுமாறும். கூடவே பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரையின் கிறக்கம், இருட்டு. உங்கள் டாக்டரிடம் கேட்டு, படுத்த நிலையில் ஒரு முறையும், நின்றபின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மாத்திரையை அவர் மாற்றியமைப்பார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

விழுந்தபோது தலை இடித்ததா? இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் வெளிப்படும். தலைவலி, பேச்சில் குழப்பம், கால் இழுத்தல், ஓயாத தூக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இன்றிரவு விளக்குப் போடாமல் அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நீங்களே போய்ப் பாருங்கள். சுருண்ட மிதியடி, அரை அங்குல வாசப்படி, ஈரத்தரை எல்லாம் காலே சொல்லிவிடும். பெரியவர்கள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் துண்டு போடும் கம்பியைத்தான். அது ஆள் கனம் தாங்காது, கையோடு வந்துவிடும். சுவரில் துளையிட்டு நல்ல கைப்பிடி பொருத்துங்கள். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு நிற்கட்டும். பகலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

கேள்வி: அப்பாவுக்கு வலது முழங்காலில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?
- வாசகர், மதுரை

பதில்: இடது கையில். வலிக்கும் காலோடு தடியும் சேர்ந்து முன்னே போகவேண்டும். செருப்போடு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுவே தடியின் உயரம். தாத்தாவின் தடியை அப்படியே எடுத்துக் கொடுக்காதீர்கள். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாற்றிவிடுங்கள்.