உறைந்த இன்சுலினைப் போடலாமா?

மன்னார்குடியில் கரண்ட் அடிக்கடி போகிறதென்று அம்மாவின் இன்சுலினை ஃப்ரீசரில் வைத்தீர்கள், உறைந்துவிட்டது, உருகியதும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. இன்றைக்கே புதுக் குப்பி வாங்கிவிடுங்கள், அம்மாவுக்கு ஊசி தவறக் கூடாது.

பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். பிரித்ததை 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைக்கலாம். பெரும்பாலும் 28 நாள் தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கத்திரி வெயிலில் நம் டெல்டா வீடுகளில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? அப்போது மண்பானைதான் கைகொடுக்கும். பெரிய பானையில் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் இறுக மூடிய டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். ஐஸ் வைத்தால் குப்பியில் நேரடியாகப் படக் கூடாது.

அப்புறம், தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கியிருந்தாலும், கலங்கல் வகையில் உருட்டிய பிறகும் கட்டி தெரிந்தாலும் போடாதீர்கள்.