அரை டம்ளர் தண்ணீர்

கேள்வி: அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். முப்பது வருடம், ஒரே பட்டறை. சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆறு வருடம் இருந்து, போன சித்திரையில் தவறிவிட்டார். அதற்கு மூன்று வாரம் முன்பு, ராத்திரி அரை டம்ளர் தண்ணீர் கேட்டவரை, "சாகணும்னு ஆசையா?" என்று கத்திவிட்டேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. இப்போது தலைத்திவசம் வருகிறது. மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் இல்லை. செல்போனில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில். என் மனசிலும் அதுதான். என்ன செய்வது? (வாசகர், வயது 31)

பதில்: தம்பி, படத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. அதிலிருந்தே வருகிறேன்.

சிறுநீர் நின்றுபோனவர் குடிக்கிற தண்ணீர், அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். அதிகமானால் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். மோர், ரசம், காபி எல்லாவற்றையும் சேர்த்து அளக்கச் சொல்வது அதனால்தான். ஆறு வருடம் அந்த அளவைக் காவல் காத்திருக்கிறீர்கள். கத்தியது தப்புதான், இல்லையென்று நான் சொல்லப்போவதில்லை. தண்ணீரை மறுத்தது தப்பில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள், அதைப் பிரித்துவிடுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? அவரும் எத்தனையோ தடவை அந்த டம்ளரைப் பிடுங்கியிருப்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடவைக்கு நான்கு மணி நேரம் என்றால், ஆறு வருடத்துக்கு 3,700 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு தடித்த ஊசி. பஸ் பிடித்துப் போய், படுத்து, துவண்டு திரும்பி, ஒரு நாள் விட்டு மறுபடி கிளம்புவது. தறிக்கு ஷிப்ட் தவறாமல் போனவர் இதற்கும் அப்படித்தான் போயிருக்கிறார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த அந்த ஊசிக் கையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தறி ஓடும்போது தூணில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி உள்ளே ஓர் அதிர்வு இருக்கும்.

கட்டில் முகம் உடனே போகாது. பக்கவாதத்தில் நான்கு வருடம் கிடந்த என் அம்மா, இறந்த பிறகும் ரொம்ப நாள் மூக்கில் குழாயோடுதான் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு நாள் சந்தையில் யாரோ ஓர் அம்மாள் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புழுவுக்கும் சேர்த்தா காசு?" என்று கேட்டார். அச்சு அசல் என் அம்மா. கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அதற்கப்புறம் குழாயில்லாமலும் வர ஆரம்பித்தாள். நாமாக வரவழைக்க முடியாது. ஆனால் தேடிப் போகலாம்.

உங்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. அப்பாவோடு தறி ஓட்டியவர்களைப் பாருங்கள். பட்டறைக்குள் வேண்டாம், அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். ஊடு இழையைக் கொண்டு ஓடும் நாடா தெறித்தால் என்ன சொல்லித் திட்டுவார், இழை அறுந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாரா, நைட் ஷிப்ட்டில் யாரைத் தூங்கவிட்டு யார் தறியைப் பார்த்துக்கொண்டார் என்று. வீட்டுக்குத் தெரியாத ஆள் ஒருவர் அங்கே இருந்திருப்பார்.

படமும் அங்கேதான் கிடைக்கும். ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுக்காத பட்டறை உண்டா? முதலாளி வீட்டு பீரோவிலோ யாருடைய போனிலோ இருக்கும்.

நடுவில் ஒரு வேலை: நீங்களும் கூடப்பிறந்தவர்களும் ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் நான்கையும் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரக நோய் இருந்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படம் கிடைத்ததும் ஸ்டுடியோக்காரர் பின்னணியை நீலமாக்கி, கோட் போட்டுத் தரட்டுமா என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களை வேண்டுமானால் வெட்டட்டும். பின்னால் தறி இருக்கட்டும்.