ஒன்றின் நான்காம் அடுக்கு

அன்புள்ள ஐயா,

பழைய ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரை மகனோடு மறுபடி பார்க்கிறேன். 'ஸ்பேஸ் சீட்' எபிசோடின் கடைசிச் சண்டையில் அடித்துக்கொள்வது கப்பல் கேப்டன் கிர்க்கும் வில்லன் கானும் இல்லை, டூப்புகள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான். ஆரம்பத்தில் ஒரு கல்லறைக் கல்லில் கிர்க்கின் இனிஷியல் 'ஆர்', அப்புறம் 'டி'. இப்படித் தப்புப் பிடிப்பது ரசனைக்கேடு இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரசனைக்கேடு என்றால் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவும் அதைச் செய்தவர்தான். 1966இலேயே இந்தத் தொடரின் அறிவியல் பிழைகளைக் கிண்டலடித்து எழுதினார். தொடரை உருவாக்கிய ராடன்பெரி பதில் எழுத, இருவரும் நண்பர்களானார்கள். 1979இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்துக்கு அசிமோவ் அறிவியல் ஆலோசகர்.

டூப்பை விட்டுவிடலாம். வீட்டில் வீடியோ ரெகார்டர் இல்லாத காலம். சின்னத் திரையில் ஒரு தடவை ஓடிப் போகிற காட்சி. உங்கள் மகனைப் போன்ற ஆளை அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கல்லறை வருவது பைலட்டில், அதாவது தொடருக்கு முன்பே சோதனையாக எடுத்த எபிசோடில், பாத்திரம் முழுசாக உருவாகும் முன்பே எடுத்தது.

எனக்குப் பிடித்த தப்பு 1967 ஜனவரி 12 அன்று ஒளிபரப்பான 'தி ஸ்குயர் ஆஃப் காதோஸ்' எபிசோடில். ட்ரெலேன் என்ற விசித்திரப் பேர்வழி, பூமியைத் தொலைவிலிருந்தே பார்த்து அதே மாதிரி ஒரு மாளிகை அமைத்திருக்கிறான். அமெரிக்கத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனைக் கொன்றது போன்ற துப்பாக்கிகள் என்று பீற்றிக்கொள்கிறான். நீ பார்த்தது 900 வருஷத்துக்கு முந்தைய பூமி என்கிறார் கிர்க். ஒளி அங்கே போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகும், அறிவியல் கச்சிதம். ஆனால் ஹாமில்டன் சுடப்பட்டது 1804. அப்படியானால் கதை நடப்பது 2704 வாக்கில்!

சரியாக ஐந்து வாரம் கழித்து 'ஸ்பேஸ் சீட்'. 1990களில் பூமியிலிருந்து கிளம்பிய கான் இரண்டு நூற்றாண்டு தூங்கியிருக்கிறான் என்கிறார் அதே கிர்க். நடுவில் 500 வருஷம் காணோம். எந்த நூற்றாண்டில் கதை நடக்கிறது என்று அவர்கள் அப்போது முடிவு செய்யவில்லை. 'ஸ்டார்டேட்' என்று ஒரு எண்ணைச் சொன்னதே அதை மழுப்பத்தான்.

இதையெல்லாம் ரசிக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே வந்த 'கோர்ட் மார்ஷியல்'தான் பொறுக்க முடியாதது. கப்பல் கம்ப்யூட்டரின் கேட்கும் திறனை 'ஒன்றின் நான்காம் அடுக்கு' அளவுக்குக் கூட்டப் போவதாக கிர்க் கம்பீரமாக அறிவிக்கிறார். ஒன்றை ஒன்றால் எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதானே! கதை வசனத்தைச் சரிபார்க்கத் தனி ஆராய்ச்சி நிறுவனமே வைத்திருந்தார்கள். 'பத்தின்' என்று மாற்றியிருந்தால் போதும்.

அடுத்து அந்த எபிசோடைப் போடுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், பையன் பிடிக்கிறானா பார்ப்போம்.